மூன்று ஃபைல்களும் ஒரு செனட்டரும்

சிட்னியின் மேற்கே எங்கள் புறநகரில் சத்தியபாமாவைத் தெரியுமா என்று கேட்டால், பலர் முதலில் தங்கள் முழங்கையின் உட்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் இங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுத்தவர். அவருக்கு வாக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்பே அவருக்கு இரத்தம் கொடுத்தவர்கள் என்று நான் மேடைகளில் சொல்வதுண்டு. அவருக்கு அந்தப் பகிடி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும் என்பதால் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

ஊசி குத்துகிறவர்கள் எல்லோரும் நோகாது என்பார்கள். சத்தியபாமா அப்படிச் சொல்லமாட்டார். "கொஞ்சம் நோகும்" என்பார், குத்துவார், அவ்வளவுதான். அரசியலுக்கு இந்தக் குணம் சரிவராது என்று ஆரம்பத்திலேயே நான் எச்சரித்தேன். நான் சொல்லிப் பிழையாகப் போன விஷயங்கள் நிறைய. இது அதில் முதலாவது.

என் பெயர் விஜயரத்தினம். ரயில்வேயில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதைவிட நீண்ட காலம் எங்கள் கட்சிக் கிளையின் செயலாளராக இருந்தவன். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கூட்டம் நடக்கும் மண்டபத்தின் திறப்புச் சாவி என்னிடம் இருக்கும், கதிரைகளை அடுக்குவதும் நான்தான்.

சத்தியபாமா அந்த மண்டபத்துக்குள் வந்தது கட்சிக் கொள்கை ஒன்றுக்காகவும் அல்ல, ஒரு வீதிக் கடவைக்காக. பரிசோதனை நிலையத்துக்கு வருகிற வயதானவர்கள் காலையில் வெறுவயிற்றோடு வருவார்கள். பஸ் நிற்பது வீதிக்கு அந்தப் பக்கம், நிலையம் இந்தப் பக்கம். சாப்பிடாத தலைச்சுற்றோடு நாலு வரிசை வாகனத்தைக் கடக்க வேண்டும். ஒருநாள் ஒரு கிரேக்கப் பெரியவர் நடுவீதியில் விழுந்துவிட்டார். சத்தியபாமா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் தூக்கினார். அன்று பின்னேரமே உள்ளூர்க் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறகு இன்னொன்று எழுதினார். பதினோராவது கடிதத்துக்குப் பிறகு வெள்ளைக் கோடு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் எடுத்தது. ஒரு கோட்டுக்கு இரண்டு வருஷம் விடாமல் நிற்கக்கூடியவரை நாங்கள் விட்டுவிடுவோமா? நானே வீடு தேடிப் போய் அங்கத்துவப் படிவத்தைக் கொடுத்தேன்.

2008இல் கவுன்சில் தேர்தலில் நின்று அறுபத்து மூன்று வாக்குகளால் தோற்றார். தோற்ற மறுநாள் வழமைபோல் ஏழு மணிக்கு நிலையத்தைத் திறந்து ஊசியும் கையுமாக நின்றார். 2012இல் வென்றார். வென்ற அடுத்த சனிக்கிழமை மளிகைக் கடை வாசலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். அந்த மேசை இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை யாரும் வரலாம், எதையும் கேட்கலாம்.

மேசையில் மூன்று ஃபைல்கள். பச்சை கவுன்சிலுக்கு: குப்பை, நடைபாதை, வீட்டுக்கு மேல் விழப்போகும் மரம், குரைக்கும் நாய். நீலம் மாநிலத்துக்கு: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில். சிவப்பு ஃபெடரலுக்கு, அதாவது மத்திய அரசுக்கு. எங்கள் பக்கத்தில் ஃபெடரல் என்றால் அநேகமாக ஒரே ஒரு விஷயம்தான், விசா. வந்தவர் சொல்லி முடித்ததும் அது எந்த நிறம் என்று சத்தியபாமா சொல்லிவிடுவார். பச்சையை அவரே பார்ப்பார். மற்ற இரண்டையும் எழுதி அந்தந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, தன்னால் ஆகாது என்பதை நேராகச் சொல்லிவிடுவார். எங்கள் சனங்கள் அதற்குப் பழக்கப்பட்டவர்கள் அல்லர். பார்ப்போம், செய்வோம் என்று சொல்லி அனுப்பினால் சந்தோஷமாகப் போவார்கள். "அது ஃபெடரல், என்னால ஏலாது" என்றால் முகம் கறுத்துவிடும். கொஞ்சம் இனிமையாகச் சொன்னால் என்ன என்று நான் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். பொய்யை இனிமையாகச் சொல்வதற்கு ஏற்கெனவே நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்பார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சிறி அந்த மேசைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்தின வருஷம்தான் மனைவி தனேஸ்வரியோடும் ஆறு வயது மகள் பிரியதர்சினியோடும் படகில் வந்திருந்தார். சத்தியபாமா முழுவதையும் கேட்டார், சிவப்பு ஃபைலில் எழுதினார், தனது வசனத்தைச் சொன்னார். சிறி தலையாட்டிக் கேட்டுவிட்டு எழும்பினார். போகவில்லை. மேசையின் ஒரு கால் ஆடுவதைப் பார்த்து, குனிந்து அட்டையை மடித்து அடியில் வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். கேட்பதற்கு அல்ல, மேசையை விரிப்பதற்கு. அன்றிலிருந்து மேசையை விரிப்பதும் மடிப்பதும் சிறிதான்.

அவர் வேலை தரைக்கும் சுவருக்கும் ஓடு பதிப்பது. தனேஸ்வரி ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடைக் குசினியில் வேலை. அவர்களின் அகதி மனு ஒருமுறை தள்ளுபடியாகி, மேல்முறையீடும் தள்ளுபடியாகி, தற்காலிக விசாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து இருந்தார்கள். சிலவேளை அந்தப் புதுப்பித்தலும் பிந்தும். அப்போது சிறி இரண்டு வாரம் ஒன்றும் பேசாமல் மேசையை விரிப்பார். எங்களுக்கு விளங்கிவிடும்.

தேர்தல் வந்தால் சத்தியபாமாவின் படம் போட்ட அட்டைகளை வேலிகளில் கட்டுவதும் அவர்தான். மழைக்குக் கழன்றால் ஏணியோடு போய்த் திரும்பக் கட்டுவார். வாக்குச்சாவடி வாசலில் காலை எட்டு மணியிலிருந்து நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பார். அவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இருக்கிற எங்கள் கிளை உறுப்பினர் பலர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து, வரிசை நீளம் என்று குறைபட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். சிறிக்கு வராது.

2019இல் சத்தியபாமா மாநில மேலவைக்குப் போனார். கவுன்சிலை விட்டார், நீல ஃபைல் அவருடையதாயிற்று. இரண்டு வருஷத்தில் நடந்த கவுன்சில் தேர்தலில், வேறு ஆள் கிடைக்காததால் என்னை நிறுத்தினார்கள். வென்றும்விட்டேன். பச்சை ஃபைல் என் பக்கம் வந்தது. ஆக மேசைக்குப் பின்னால் இப்போது இரண்டு கதிரைகள். சிவப்பு ஃபைல் மட்டும் நடுவில், யாருடையதுமில்லாமல், தடித்துக்கொண்டே போனது.

மேலவையில் அவர் நன்றாகத்தான் செய்தார். ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நோயாளியின் பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு வியாதியைச் சொல்ல வைப்பதை நிறுத்த வேண்டும் என்று மூன்று வருஷம் நச்சரித்து, ஒரு விதியைக் கொண்டுவர வைத்தார். பொன்னாடைகள் குவிந்தன. ஒரு அலுமாரி நிறைந்த பிறகு அவற்றை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தான் போர்த்திய பொன்னாடையை அங்கே ஒருவர் முழங்காலில் கண்டுவிட்டு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. எங்கள் கட்சியின் ஃபெடரல் செனட்டர் ஒருவர் தவணை முடிய முன்பே விலகப் போவதாக அறிவித்தார். அப்படி விலகினால் பொதுத் தேர்தல் கிடையாது. மாநிலத்தின் இரு சபைகளும் கூடி, அதே கட்சியைச் சேர்ந்த ஒருவரைத் தெரிவு செய்து அனுப்பும். கட்சி சத்தியபாமாவைக் கேட்டது. ஒரு நிபந்தனை. வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருப்பவர் ஃபெடரல் பாராளுமன்றத்தில் இருக்க முடியாது. சில வருஷங்களுக்கு முன் பிறந்த நாட்டில் இரட்டைக் குடியுரிமை கொடுக்கிறார்கள் என்றதும் எங்கள் சனங்கள் எல்லோரும் விழுந்தடித்து விண்ணப்பித்தபோது, அவரும் பிறந்த வீட்டுப் பங்கு விஷயத்துக்காக விண்ணப்பித்து எடுத்திருந்தார். இப்போது அதைத் துறக்க வேண்டும். படிவம் வந்துவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நாலு நாளாகியும் போடவில்லை. கட்சி அலுவலகம் என்னைக் கூப்பிட்டு, போய்ப் பாருங்கள் என்றது. போனேன். படிவம் குசினி மேசையில் உப்புப் போத்தலுக்கு அடியில் கிடந்தது. குளியலறையில் சிறி பழைய ஓடுகளை உடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறந்த நாட்டை விட மனம் வரவில்லையாக்கும் என்று நினைத்து, அதற்கு ஏற்றபடி ஒரு சொற்பொழிவைக் காரிலேயே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என்னை அரைவாசியில் நிறுத்தினார்.

"அதில்லை விஜி அண்ணை. பன்ரெண்டு வருசமா எல்லாருக்கும் அது ஃபெடரல், அது ஃபெடரல் எண்டு சொல்லிப் போட்டன். அங்க போனா இனி அப்பிடிச் சொல்லேலாது. போயும் என்னால ஒண்டும் ஏலாமப் போனா, அந்த மேசையில எப்பிடி இருக்கிறது?"

உடைக்கும் சத்தம் நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். சிறி வாசலில் நின்றார். தலை முழுக்க வெள்ளைத் தூசி. தண்ணீர் குடிக்க வந்தவர். குழாயைத் திறந்து, கிளாசை நிரப்பி, முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"அக்கா, உங்களிட்ட ரெண்டு நாடு இருக்கு. எனக்கு ஒண்டும் இல்லை. ஒண்டைக் குடுத்திட்டுப் போங்கோ. ஏலாமப் போனா ஏலேல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நான் நம்புவன்."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் திரும்பவும் உடைக்கத் தொடங்கினார். சத்தியபாமா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு உப்புப் போத்தலை நகர்த்தினார். பேனை என்னுடையது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வயது போக எனக்கும் இப்படியான பைத்தியங்கள் வருகின்றன.

செனட்டில் அவருடைய முதல் பேச்சுக்கு நாங்கள் கன்பராவுக்கு இரண்டு பஸ்ஸில் போனோம். பாராளுமன்ற வாசலில் பைகளை இயந்திரத்துக்குள் அனுப்பிப் பார்ப்பார்கள். எங்களோடு வந்த சிவனேஸ்வரி அன்ரியின் பைக்குள் முடியோடு ஒரு தேங்காய் இருந்தது. புது வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வாசலில் தேங்காய் உடைக்காமல் விடுவதா என்று அன்ரி கேட்டார். பாதுகாப்புக்கு நின்ற இளைஞன் தேங்காயை இரண்டு கையாலும் வாங்கி, மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் தேங்காய்க்கு ஓர் இலக்கத் துண்டு கொடுத்து, உடுப்பு வைக்கும் அறையில் ஒரு நீண்ட கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அன்ரி அந்தத் துண்டைப் பேச்சு முடியும்வரை கையிலேயே பிடித்திருந்தார். பேச்சு நன்றாக இருந்தது. நான் அழுதேன். அழவில்லை என்று பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, நீல ஃபைலை நடுவுக்குத் தள்ளிவிட்டு, சிவப்பு ஃபைலை சத்தியபாமா தன் பக்கத்துக்கு இழுத்து வைத்தார். சிறி மேசைக் காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பிரியதர்சினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கிலும் பௌதிகத்திலும் பள்ளிக்கூடத்தில் முதலாவது. அவளுடைய கனவு பாலங்கள் கட்டுவது. ஆனால் அவர்களுடைய விசாவோடு பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் வெளிநாட்டு மாணவர்களைப் போல முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். அது ஓடு பதிக்கிறவரின் பிள்ளைக்கு நடக்கிற காரியம் அல்ல. பிள்ளை முகத்தில் காட்டவில்லை. மேசையில் தகப்பனுக்கு உதவிக்கு வந்து நின்றால், படிவம் நிரப்பத் தெரியாத கிழவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பாள். அடுத்த வருஷம் என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவர் கேட்டதற்கு, "வேர்க் பண்ணுவன் அங்கிள்" என்று சிரித்தாள். சத்தியபாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேனை மட்டும் கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றது.

இப்படியான குடும்பத்துக்கு இனிக் கதவு ஒன்றே ஒன்று. குடிவரவு அமைச்சர் தனது அதிகாரத்தால் நேரடியாகத் தலையிட வேண்டும். சத்தியபாமா எழுதினார். குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. திரும்ப எழுதினார். பாராளுமன்றம் கூடுகிற ஒவ்வொரு வாரமும் அமைச்சரின் அலுவலகத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் கேட்டார். ஏழு தடவை உதவியாளர்தான் வந்தார். இரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காவிட்டால் அவசரப்பட்டுக் குத்தக்கூடாது, கையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று சத்தியபாமா எனக்கு விளக்கம் சொன்னார். எட்டாவது தடவை அமைச்சரே உட்கார்ந்து கேட்டார். என்ன சொன்னார் என்று சத்தியபாமாவைக் கேட்டேன். ஒன்றும் வாக்குத் தரவில்லையாம். நல்ல முகமாக இருந்தாரா என்று கேட்டேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லேலாது அண்ணை என்றார்.

சிறியிடம் எப்படிச் சொல்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சிறியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு வேறு வழி தனக்குத் தெரியாது என்றார். கடைசியில், "கொஞ்சம் நோகும் சிறி" என்றார். சிறி, தெரியும் அக்கா என்று சொல்லிவிட்டு மேசையை மடித்தார்.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்தது, நாங்கள் நினைத்ததைவிட நல்ல முடிவு. அதைக் கொண்டாடவும் முடியாமல், கொண்டாடாமல் விடவும் முடியாமல், தனேஸ்வரி கடையிலிருந்து ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்து மேசையில் வைத்தார். எடுத்துச் சாப்பிட்டோம். நான் மூன்று சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை என்பது சத்தியபாமாவுக்குத் தெரியும், ஆனால் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடிதம் வந்தது. மூன்று பேருக்கும் நிரந்தர விசா. சிறி வேலை இடத்தில் நின்றபடி எனக்கு ஃபோன் எடுத்தார். நான் ஹலோ, ஹலோ என்றேன். மறுபக்கம் ஓடு வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, குரல் வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நானும் ஃபோனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிரியதர்சினிக்குப் பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் நாலு வாரம் இருந்தது.

சிவப்பு ஃபைல் அன்றோடு மெலிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்னும் எத்தனையோ பேர் அதற்குள் இருக்கிறார்கள். சிலருக்குச் சரிவந்தது, சிலருக்கு ஏலேல்லை என்று சத்தியபாமா முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். சொன்ன அடுத்த சனிக்கிழமையும் வந்து அதே கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர்களும் வருகிறார்கள். அவர் பயந்தது நடக்கவில்லை.

கடிதம் வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. சிறி வழமைபோல் ஒன்பதரைக்கு வந்து மேசையை விரித்தார், ஃபைல்களை வைத்தார், எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை. முன்னால் போய், வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றார். தன் முறை வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கதிரையில் அவர் உட்கார்ந்தது முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான். பொன்னாடை ஏதும் கொண்டுவந்துவிட்டாரோ என்று சத்தியபாமா என்னைப் பார்த்தார்.

சிறி தொண்டையைச் செருமினார். தன் வீட்டு வாசலில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியை இரண்டு தவணையாக லொறி எடுக்காமல் போகிறது என்றார். பக்கத்து வீட்டுக்கும் அப்படித்தான். ஒரு மாதமாக நிரம்பி வழிகிறது. இது என்ன ஒழுங்கு என்று கேட்டார்.

சத்தியபாமா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், திரும்பப் போட்டார், பிறகும் கழற்றினார். இந்த மனிதர் ஒரு தொட்டியைப் பற்றிக்கூட அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பைப் புதுப்பிக்கிறவன் குப்பை லொறியோடு சண்டைக்குப் போவானா?

"சிறி," என்றார் சத்தியபாமா. "அது ஃபெடரல் இல்லை. அது கவுன்சில். விஜி அண்ணையைக் கேளும்."

பச்சை ஃபைலை என் பக்கம் தள்ளினார். நான் திறந்து, திகதி போட்டு, சிறியிடம் பெயரைக் கேட்டேன். தெரியாதமாதிரித்தான் கேட்டேன். அவரும் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். விலாசம் சொன்னார். வியாழக்கிழமைக்குள் எடுக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை லொறி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிறி எனக்கு ஃபோன் எடுத்து, ஒரு கவுன்சிலராக இருந்துகொண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதா என்று நல்ல ஏச்சு ஏசினார். நான் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் முழுவதையும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் ஏசி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.